வெண்பாவில் கனி வராது

அக்காவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவது பெரிய தொல்லை. மின்கம்பத்திலோ டீக்கடைத் தட்டியிலோ எங்கே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாலும் நின்றுவிடுவாள். செத்தவர் படத்தைப் பார்க்க மாட்டாள். என்றைக்குச் செத்தார், எத்தனை வயது என்று பார்க்க மாட்டாள். கீழே நாலு வரி கவிதை போட்டிருக்குமே, அதைத்தான் பார்ப்பாள். வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுவில் தட்டத் தொடங்கும். உதடு அசையும். கடைசியில் முகம் கோணும்.

“தளை தட்டுது” என்பாள்.

“அக்கா, எல்லாரும் பாக்காவ. வாங்க போவோம்.”

“நாலு வரி வரைக்கும் எதுக்குட்டி போவணும்? தலைப்புலயே தட்டுது. கண்ணீர், தேமா. அஞ்சலி, கூவிளம். மாவுக்குப் பின்னால நேர் வரலாமா? இவனுவளுக்கு ஒழுங்கா அழக்கூடத் தெரியல.”

எனக்கு யாப்பிலக்கணம் தெரியாது. ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்ததில் காதில் விழுந்ததுதான். அவள் ஒரு தட்டு தட்டினால் நேர். இரண்டு தட்டு சேர்த்துத் தட்டினால் நிரை. வெண்பா என்றால் ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அதுதான் தளை தட்டுவது. வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குவது போல அவளுக்கு உடம்பே குலுங்கிவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் சங்கரன்கோவிலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தோம். அவள் எழுத்து அடிப்பாள். நான் படம் வெட்டி ஒட்டி டிசைன் செய்வேன். கூடப் பிறந்தவள் இல்லை; என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், அதனால் அக்கா. தமிழில் எம்.ஏ., அதற்கு மேல் பி.எட். படித்துவிட்டு வாத்தியார் வேலைக்காகக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில்தான் எங்கள் கடைக்கு வந்தாள் என்று முதலாளி சொல்வார். அந்தக் காத்திருப்பு பதினோராவது வருடத்தில் இருந்தது.

முதல் நாளே என்னிடம் சொன்னாள். “நம்ம ஊர் பேரு வெண்பாவுக்குள்ள அடங்காது தெரியுமா? சங்கரன்கோவில், நாலசைச் சீரு. ரெண்டா ஒடச்சாத்தான் உள்ள வரும். சங்கரன், கோவில். கூவிளம், தேமா. ஒடச்சா தளை சரியா நிக்கும்.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த திருப்தி நன்றாகத் தெரிந்தது. ஊரை உடைத்துச் சரிசெய்து வைத்துவிட்டது போன்ற திருப்தி.

எல்லோரும் அவளை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருத்தர் வந்தார். தம்பி பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்து அஞ்சு நாள் ஆகியிருந்தது. நோட்டுத் தாளில் தானே நாலு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோடு தாண்டி ஓடின எழுத்து. அக்கா வாங்கிப் பார்த்தாள். பெருவிரல் ஓடியது.

“அண்ணாச்சி, ரெண்டாவது வரியில ‘பிரிந்து’ன்னு போட்டிருக்கீயள்லா, அத மாத்திட்டு, மூணாவது வரியில ஒரு சீர் குறைச்சா, இது வெண்பாவாவே நிக்கும்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எந்தம்பி போயிட்டான்மா. நான் எழுதுனத ஒங்கிட்ட மார்க் போடவா குடுத்தேன்?”

“இல்ல அண்ணாச்சி, ஊரே படிக்கும்லா, அதான்...”

“அப்படியே அடி. ஒரு புள்ளி மாறப்படாது.”

அப்படியே அடித்தாள். அவர் போன பிறகு முதலாளி சத்தம் போட்டார். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அந்த மனிதர் மனம் நோகப் பேசிவிட்டோமே என்று வருந்துகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடியபடி சொன்னாள்: “ஒரு மாசம் அந்தத் தப்பு அங்கன தொங்கும்ட்டி. நான் அடிச்ச தப்பு.” எனக்கு அவள்மேல் அன்றைக்கு வெறுப்பாகக்கூட இருந்தது.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். வாசுதேவநல்லூர்க்காரர். கூட்டுறவு வங்கியில் வேலை. தனக்கும் கவிதை வரும் என்று செல்போனில் தான் எழுதினதைக் காட்டினாராம். வெண்பா என்று தலைப்பும் போட்டிருந்தாராம். “நாலு அடியில ஒம்பது தப்பு. சொல்லாம இருக்க முடியுமா? நீயே சொல்லு.” சொல்லிவிட்டாள். காபி ஆறுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இந்தக் கணக்குல என்னக்கா இருக்கு? அர்த்தம் இருந்தாப் போதாதா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “எங்க வீட்ல எதுட்டி ஒழுங்கா இருந்திச்சு? அப்பன் ஒழுங்கில்ல. கூரை ஒழுங்கில்ல. படிச்ச படிப்புக்கு வேலை ஒழுங்கா வரல. இது ஒண்ணுதான், ஒழுங்கா வச்சா ஒழுங்கா நிக்குது. யாரு சிபாரிசும் வேண்டாம்.”

அவள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறியில் நின்றவள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அந்தச் சத்தம்தான். தறிக்கூடத்துக்குள்ளேயே, நூல் பெட்டிக்குப் பக்கத்தில் துணி விரித்து அக்காவைத் தூங்கப் போட்டு வளர்த்திருக்கிறாள். அம்மா செத்தபோது நான் போயிருந்தேன். நோயில் உடம்பு வற்றி ஒரு குழந்தை அளவுக்கு ஆகியிருந்தது. பாதம் மட்டும் வீங்கியே இருந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினவர்கள் துணி எட்டாமல் இன்னொரு துண்டு கிழித்தார்கள். அக்கா அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கடைக்கு வந்தவள் தன் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

தறியோசை கேட்டுத் தலைசாய்த்த பிள்ளை
சிறுதூக்கம் சென்றுவிடும் என்று – மறந்தும்
நிறுத்தாமல் நின்றாள் நெடுநாளாய் அன்னை
வெறுங்காலின் வீக்கம் மறைத்து.

படித்துவிட்டு நான் அழுதேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “அழாதட்டி. பாரு. தறி, சிறு, மறந், நிறு, வெறு. அஞ்சு எடத்துலயும் ரெண்டாம் எழுத்து றகரம். ஒரே எதுகை. ஒரு எடத்துல தட்டுதா? தட்டிப் பாரு.” என் கையைப் பிடித்து, என் விரலை மேஜையில் தட்டித் தட்டிக் காட்டினாள். தட்டவில்லை. அவள் கைதான் சில்லென்று இருந்தது.

ஒரு பள்ளித் தாளாளர் எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கை. அவர் பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே. ஆண்டு விழா, சேர்க்கை, தேர்ச்சி என்று வருடம் முழுக்க ஃப்ளெக்ஸ் அடிப்பார். என் மகள் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படித்தாள். அவர் தன் அம்மாவின் நினைவு நாளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தபோது அக்கா ஒரு வெண்பா எழுதிப் போட்டாள். அதைப் பார்த்தவருக்கு ஆசை வந்துவிட்டது.

“அம்மாவப் பத்தி இது மாதிரி நூறு எழுத முடியுமாம்மா? புஸ்தகமாப் போடணும்.”

“யாரு பேருல சார்?”

அவர் சிரித்தார். “எங்கம்மாவப் பத்தின புஸ்தகம். எம்பேர்லதான போடணும்?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “சூன் மாசம் நம்ம ஸ்கூல்ல தமிழ் டீச்சர் போஸ்ட் ஒண்ணு காலியாகுது. ஒன்ன மனசுல வச்சிருக்கேன்.”

நான் சண்டை போட்டேன். பேரையா விற்பது என்று கேட்டேன். “பேரு எதுக்குட்டி?” என்றாள் அக்கா. “பேரு வெண்பாவுக்குள்ளயா வருது? அட்டையிலதான வருது. எனக்கு ஒரு வகுப்பறை குடுத்தா போதும்.”

நாலு மாதம் எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், ஃப்ளெக்ஸ் அச்சாகி வெளியே வருகிற இடைவெளியில். அவர் அம்மாவை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தது மாதிரி எழுதினாள். தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. நூறாவது வரவில்லை. புத்தகத்தை நான் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் தன் நோட்டைத் திறந்து அந்தத் தறியோசை வெண்பாவை அடித்துக் கொடுத்தாள்.

“அக்கா, இது ஒங்கம்மாவுக்கு எழுதுனதுல்லா?”

“ஆமா. வேற வரல. சூன்ல வேலை வந்தா அம்மா கோவிச்சுக்கிட மாட்டா.”

இரண்டு நாள் கழித்துத் தாளாளரிடமிருந்து மெய்ப்புத் தாள் திரும்பி வந்தது. தொண்ணூற்றொன்பது வெண்பாவிலும் ஒரு கீறல்கூட இல்லை. நூறாவதில் ‘தறியோசை’யைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே ‘கோயில்மணி’ என்று எழுதியிருந்தார்.

அக்கா அங்கேயே போன் போட்டாள். அவர் பேசினது எனக்கும் கேட்டது. “எங்கம்மா என்னத்துக்கும்மா தறியில நிக்கா? பெரிய குடும்பம். ஊர்ல என்ன நெனப்பாவ? கோயில்மணி கேட்டுப் புள்ள தூங்குச்சுன்னு இருக்கட்டும். லெச்சணமா இருக்கு.”

“சார், கோயில்மணி தேமாங்கனி. வெண்பாவுல கனி வராது சார். எதுகையும் போயிரும். அதும்போக, மணின்னு போட்டுட்டா அம்மா எத நிறுத்தாம நின்னான்னு வரும்? அர்த்தமே இல்லாமப் போவும். கோயில் மணிய வச்சு நான் வேற ஒண்ணு புதுசா எழுதித் தாரேன், ராத்திரிக்குள்ள...”

“இது நல்லாருக்கும்மா. ஒரு வார்த்தையில என்ன கெட்டுப்போச்சு? நாளைக்கு அச்சுக்குப் போவுது.”

வைத்துவிட்டார். அக்கா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். “என் கையால அத அடிக்க மாட்டேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “நீ அடி.”

நான் அடித்தேன். நாலு எழுத்தை அழித்துவிட்டு ஐந்து எழுத்து. அரை நிமிட வேலை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கனி வருகிற இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தட்டியது.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். பிரியாணி வாசனை பந்தியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பேசினார். இந்தக் காலத்தில் இப்படி மரபு பிசகாமல் நூறு வெண்பா எழுத ஒருவர் இருக்கிறாரே என்று வியந்தார். தாளாளர் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யார் பெயரில் அந்தப் பாராட்டு போகிறது என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தளை தட்டவில்லை என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்கிறார். அது போதுமாக இருந்தது.

“நிறைவாக, நூறாவது வெண்பா” என்று பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “கோயில்மணி கேட்டுத் தலைசாய்த்த பிள்ளை...” ஒரு நொடி தடுமாறினார். பிறகு மேலே போனார்.

பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

“ஐயா, முதல் சீர் தப்பு.”

கூட்டம் திரும்பியது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்குத் தெரியவே இல்லை. “அது கனிச்சீர் ஐயா. வெண்பாவுல வராது. அது தறியோசை.”

பேராசிரியர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. மேஜையில் விரலைத் தட்டிப் பார்த்தார். “அம்மா சொல்வது சரிதான். தறியோசை என்றால் எதுகையும் வருகிறது. பொருளும் பொருந்துகிறது. எவ்வளவு அருமையாக இருக்கிறது! நீங்கள் தறியோசை என்றுதான் எழுதினீர்களா?” என்று தாளாளரைக் கேட்டார்.

தாளாளர் ஒலிபெருக்கியை வாங்கினார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். “அந்தப் புள்ள நம்ம ஃப்ளெக்ஸ் கடையில டைப் அடிக்கிற புள்ளதான் ஐயா. கை தவறி மாத்தி அடிச்சிருக்கு. அது செஞ்ச தப்ப அதுவே எந்திரிச்சுச் சொல்லுது பாருங்க. நல்ல மனசு.”

கூட்டம் சிரித்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அக்கா அப்போதும் ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான் தறியோசைன்னுதான் அடிச்சேன். அந்தத் தப்பு நான் செய்யல” என்றாள்.

தாளாளரின் பார்வை என்மேல் விழுந்தது. “ஏம்மா, நீயும் அந்தக் கடைதான? நீ சொல்லு. கடையில நடந்த தப்புதான இது?”

“ஆமா சார். கடையில நடந்த தப்புதான்.”

அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே போனாள்.

மறுநாள் முதலாளி அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சூன் மாதம் அந்த வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதுகூடப் பின்னால்தான் தெரிந்தது. போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மனம் என்றா சொன்னேன்? தைரியம் வரவில்லை.

அந்தப் புத்தகம் இரண்டாவது தடவையும் அச்சானது. பேராசிரியர் முன்னுரை கொடுத்தார். நூறாவது வெண்பாவைத்தான் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருந்தார், தறியோசை என்று திருத்தி. அந்தத் திருத்தத்தையும் நான்தான் அடித்தேன். அதற்குப் பிறகு தாளாளருக்குத் தறியில் ஒரு ருசி வந்துவிட்டது. மேடைக்கு மேடை அம்மா தறியில் நின்று தன்னைப் படிக்கவைத்த கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நகராட்சித் தேர்தலில் நின்றபோது ‘தறிக்காரி மகன் உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னார். பெரிய குடும்பத்து அம்மாவின் படத்தை வெட்டி, இணையத்திலிருந்து எடுத்த ஒரு விசைத்தறிக்கு முன்னால் நான் ஒட்டிக் கொடுத்தேன். காலடியில் பொருந்தவில்லை. நிழல் போட்டு மறைத்தேன்.

போன தை மாதம் புளியங்குடிக்கு ஒரு மண்டியில் பெயர்ப்பலகைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மூட்டைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

“மக நல்லா படிக்காளா?”

“படிக்கா அக்கா. அஞ்சாவது.”

“அங்கனதானா?”

“அங்கனதான்.”

தலையாட்டினாள். ஒரு வண்டிக்காரர் வந்தார், சீட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்தவருக்கும் எழுதினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மூன்று வருடமாகத் தயார்செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெண்பா எழுதுகிறீர்களா என்று கேட்க நினைத்தேன். அதையும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லுவியா?”

“கேளுங்கக்கா.”

“அன்னைக்கு மண்டபத்துல அந்த ஆளு ஒங்கிட்ட கேட்டாம்லா. நீ கொஞ்சமாவது யோசிச்சியா? இல்ல, கேட்டதும் சொல்லிட்டியா? நான் அப்ப ஒன் மொகத்தப் பாக்கல. பொறவுதான் பாத்தேன்.”

“யோசிச்சேன் அக்கா” என்றேன். “ரொம்ப யோசிச்சேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “சரிட்டி. அது போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குச் சீட்டு எழுதக் குனிந்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே ‘ஆமா’ என்று சொல்லியிருந்தேன்.